கூவம் வளைத்த பேட்டை: பழைய வரைபடங்களை வைத்து ஆற்றங்கரை ஊரைப் படிப்பது எப்படி?

சென்னையில் பறக்கும் ரயிலில் பார்க் டவுனிலிருந்து சேப்பாக்கம் வரை ஜன்னலோரமாக உட்கார்ந்து போய்ப் பாருங்கள். கீழே கூவம் வரும். மூக்கைப் பொத்திக்கொள்வதற்குள் சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன் வந்துவிடும். ஆறு அந்தப் பேட்டையை எப்படிச் சுற்றிப் போகிறது என்பது ரயிலிலிருந்து பிடிபடாது. போனில் மேப்பைத் திறந்தால் தெரியும். மேற்கே வடக்கு நோக்கி ஏறி, உச்சியில் திரும்பி, கிழக்கே மறுபடி தெற்கு நோக்கி இறங்குகிறது கூவம். மூன்று பக்கம் தண்ணீர், தெற்கே அண்ணா சாலைப் பக்கம் மட்டும் தரைவழி. குதிரை லாடத்துக்குள் ஓர் ஊர் மாதிரி.

அந்த லாடத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய முந்நூறு வருடங்களில் என்னென்ன மாறின என்பதைப் பழைய வரைபடங்களை அடுக்கி வைத்தே பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். அதற்குச் சரித்திரப் பட்டம் வேண்டியதில்லை. நான் படித்தது வணிகவியல். ஒரு லேப்டாப், கொஞ்சம் டிரேசிங் பேப்பர், நிறையப் பொறுமை, இவ்வளவுதான் முதலீடு. இங்கே நான் சிந்தாதிரிப்பேட்டையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் வைகைக்கரையில் இருந்தாலும் காவிரிக்கரையில் இருந்தாலும் வேலை செய்யும் முறை இதேதான்.

முதலில் இன்றைய படம்

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, நேரே மிகப் பழைய படத்தில் போய் விழுவது. பழுப்பேறிய காகிதம், வளைந்த எழுத்து, கப்பல் ஓவியம் எல்லாம் மயக்கும். ஆனால் இன்றைய இடம் மனப்பாடமாக இல்லாவிட்டால் பழைய படத்தில் எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை என்று சொல்லவே முடியாது.

அதனால் முதல் நாள் வேலை இது: ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டர் நீள அகலத்துக்கு மேல் போகாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்றைய மேப்பை ஒரு ஏ3 தாளில் அச்சடித்து, அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து மூன்றே மூன்றை மட்டும் வரையுங்கள்: ஆற்றின் இரு கரைகள், முக்கியத் தெருக்கள், காலி இடங்கள். கையால் வரைய வேண்டும் என்பது முக்கியம். கண் தாண்டிப் போவதைக் கை தாண்டிப் போகாது. நான் வரைந்தபோதுதான் சிந்தாதிரிப்பேட்டைத் தெருக்கள் எவ்வளவு நேராக இருக்கின்றன என்பது உறைத்தது. ஆறு வளைந்து நெளிகிறது, உள்ளே தெருக்களோ கட்டம் போட்ட நோட்டு மாதிரி. அது ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

படங்கள் எங்கே கிடைக்கும்?

வீட்டிலிருந்தே தொடங்கலாம். இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட, மூன்று தொகுதிகளாலான பழைய மதராஸ் பற்றிய நூல் இலவசமாக இருக்கிறது. அதில் கோட்டை, அதை அடுத்து இந்தியர்கள் வாழ்ந்த கருப்பர் நகரம் (பிளாக் டவுன்), சுற்றியுள்ள ஊர்கள் ஆகியவற்றின் பல பழைய படங்கள் அச்சாகியிருக்கின்றன. ஒன்று கவனியுங்கள்: ஸ்கேன் செய்தவர்கள் மடித்து ஒட்டிய படங்களைப் பிரிக்காமலே விட்டிருக்கக்கூடும். ஒரு பிரதியில் படம் பாதிதான் தெரிகிறது என்றால் வேறு நூலகத்தின் பிரதியைத் தேடுங்கள். ஒரே நூலுக்கு நாலைந்து ஸ்கேன்கள் அங்கே கிடக்கும்.

1893-இல் வந்த கான்ஸ்டபிள் கையேட்டு அட்லஸ், 1909-ஆம் ஆண்டு இம்பீரியல் கெசட்டியர் அட்லஸ் இரண்டிலும் சென்னை நகரப் படம் உண்டு. டேவிட் ரம்சி தொகுப்பு, ஓல்ட் மேப்ஸ் ஆன்லைன் ஆகிய தளங்களில் இடத்தின் பெயரைக் கொடுத்தே தேடலாம். இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்தில் தற்காலத் தாள்களை இறக்கிக்கொள்ளலாம். பழைய தாள் எண் முறையில் மத்திய சென்னை விழுவது 66 சி வரிசையில்.

நேரில் போவதென்றால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் அருகருகே இருக்கின்றன. ஆவணம் பார்க்கிற இடங்களில் பேனா வேண்டாம், பென்சில் எடுத்துப் போங்கள். அடையாள அட்டையின் நகலையும் ஒரு கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டால் ஓர் அலைச்சல் மிச்சம். நான் ஓர் அலுவலகத்துக்கு ஒரே தாளுக்காக நாலு தடவை நடந்தேன். நாலாவது தடவை அது இருந்தது, அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார். எரிச்சல் வரும். வந்தால் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள்.

யாருக்காக வரைந்தார்கள்?

படம் கைக்கு வந்ததும் கூவத்தைத் தேடாதீர்கள். மூலையில் இருக்கிற தலைப்பைப் படியுங்கள். சும்மா யாரும் ஊரை அளந்து வரையவில்லை. பணம் கொடுத்தவருக்கு என்ன தேவையோ அதுதான் படத்தில் தடித்த கோடாக நிற்கும். மற்றதெல்லாம் மங்கலாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

1755-இல் கான்ராடி அளந்து வரைந்த படத்தின் தலைப்பிலேயே புனித ஜார்ஜ் கோட்டையும் மதராசபட்டணத்தின் எல்லைகளும் இருக்கின்றன. அது எந்தக் காலம் என்று யோசியுங்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள், 1749-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. அடுத்த சண்டை எப்போது வருமோ என்ற பயம் போகாத காலம். அந்தக் கண்ணோடு பார்த்தால் கோட்டைச் சுவர், எல்லை, ஆறு எல்லாமே பாதுகாப்புச் சமாசாரமாகத் தெரியும். கூவம் அங்கே ஒரு தடுப்பு.

1822-இல் ரேவன்ஷா அளந்த படம் வேறு ரகம். நகரத்தையும் அதன் எல்லைகளையும் நீதிபதிகளின் உபயோகத்துக்காக அளந்தது என்று அதன் தலைப்பே சொல்கிறது. சண்டைப் பயம் போய், நிர்வாகம் வந்துவிட்டது. ஆகவே அங்கே தெரு முக்கியம்.

1914-இல் வந்த பேடேக்கர் பயணக் கையேட்டின் படமோ வெள்ளைக்காரப் பயணிக்கானது. ஸ்டேஷன், ஹோட்டல், கிளப், சர்ச் இருந்தால் போதும் அவருக்கு. சிந்தாதிரிப்பேட்டைச் சந்துகளை அதில் தேடிக் காணோம் என்று, சந்துகளே அப்போது இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ‘படத்தில் இல்லை’ என்பதும் ‘அங்கே இல்லை’ என்பதும் ஒன்றல்ல. ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, யார் வரைந்தது, யாருக்கு, எதற்கு என்ற மூன்று கேள்விக்கும் விடை எழுதிவிட்டுத்தான் நான் அடுத்த வேலைக்குப் போவேன்.

திசை, பெயர், அளவு

மேலே வடக்கு என்பது நமக்குப் பள்ளிக்கூடத்தில் ஊறிப்போன பழக்கம். கடலிலிருந்து கரையைப் பார்ப்பதுபோல் வரைந்த படங்களில் மேற்கு மேலே இருக்கும். அப்படி ஒரு படத்தில் லாடம் படுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து ஆறே திசை மாறிவிட்டது என்று நினைத்துவிடாமல், திசைமுள்ளைக் கண்டுபிடித்துப் படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பெயரில்தான் முதலில் தடுமாறுவீர்கள். கூவம் என்ற பெயரையே எதிர்பார்க்காதீர்கள். பழைய ஆங்கிலப் படங்களிலும் பதிவுகளிலும் அது திருவல்லிக்கேணி ஆறு. வடக்கிலிருந்து கோட்டையை ஒட்டி வந்த இன்னொன்றுக்கு ‘எலம்பூர் ஆறு’, ‘வடக்கு ஆறு’ என்று இரண்டு பெயர். எலம்பூர் எந்த ஊர் என்று நான் ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடியிருக்கிறேன். எழும்பூர்தான்! ‘ழ’ வராத நாக்கு எழுதியது. எக்மோர் என்று அது இறுகிப்போவதற்கு முந்தைய எழுத்து. சிந்தாதிரிப்பேட்டையையே ஏழெட்டு விதமாக எழுதியிருப்பார்கள். ஆகவே சத்தமாக வாசியுங்கள். கண்ணுக்குப் புரியாத எழுத்து காதுக்குப் புரிந்துவிடும்.

அளவுக்கு ஒரு சின்ன உதவி. சென்னையின் பழைய நிலப் பதிவுகளில் காணி, மனை என்று வரும். 24 மனை ஒரு காணி, ஒரு காணி சுமார் 1.32 ஏக்கர். மனை என்றால் 2,400 சதுர அடி. நம் தரகர்கள் இன்றைக்கும் ‘ஒரு கிரவுண்டு’ என்று சொல்வது அதைத்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று

இனிதான் ருசியான பகுதி. எல்லாப் படங்களையும் விரித்து எல்லாவற்றையும் ஒப்பிட்டால் தலை சுற்றும். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, படத்துக்குப் படம் அதை மட்டும் துரத்துங்கள்.

லாடத்தின் உட்பகுதியை முதலில் துரத்துவோம். 1733-ஆம் ஆண்டு நிலையைக் காட்டும் படம், பேட்டை பிறப்பதற்கு ஒரு வருடம் முந்தையது. அப்போது இந்த வளைவுக்குள் இருந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் முன்னாள் தலைமை வணிகர் சுங்குராமச் செட்டியின் தோட்டம். 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் அந்த இடத்தை எடுத்து நெசவாளர் குடியிருப்பு ஆக்கினார். சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆனது. (இன்னொரு பிட்டும் இருக்கிறார், தாமஸ் பிட், அவர் 1698 முதல் 1709 வரை கவர்னர். அவர் உத்தரவில் அளந்த படமும் ஒன்று உண்டு. இருவரையும் குழப்பிக்கொண்டால் கால் நூற்றாண்டு தவறிவிடும்.)

கம்பெனிக்கு ஏற்றுமதி செய்யத் துணி வேண்டும். தறிகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. நூற்பவர், நெய்பவர், துணியில் வண்ணம் எழுதுபவர், சாயம் தோய்ப்பவர், வெளுப்பவர், எல்லாரையும் ஓரிடத்தில் கூட்ட வேண்டும். மூன்று பக்கம் ஆறு ஓடும் தோட்டம் கசக்குமா? வெளுக்கவும் சாயம் போடவும் தண்ணீர் பக்கத்திலேயே.

இப்போது அந்த நேரான தெருக்களுக்கு வருவோம். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ காலை வேளையில் நெசவாளர் தெருவில் நடந்திருந்தால் உங்களுக்கே தெரியும், பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், விரிக்க நீளமான, நேரான தெரு வேண்டும். தெரு நெடுகப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஆற்றி எடுப்பார்கள். வளைந்த சந்தில் இந்த வேலை நடக்காது. தானாக முளைத்த ஊர் என்றால் ஆற்றோடு சேர்ந்து வளைந்திருக்கும், இதுவோ தொழிலுக்காக நூல் பிடித்துப் போட்ட ஊர். இன்றைக்கு அங்கே தறிச் சத்தம் கிடையாது. மீன் மார்க்கெட்டும் கடைகளும்தான் இருக்கின்றன. ஆனால் தெரு அப்படியே நிற்கிறது. ஊரில் கட்டடம் மாறும், பெயர் மாறும், தொழில் மாறும். தெருக் கோடுதான் கடைசி வரை பிடிவாதம் பிடிக்கும். பழைய படத்தையும் புதிய படத்தையும் இணைக்க வேண்டுமானால் தெருவைப் பிடியுங்கள். பேட்டை நடுவே இரட்டைக் கோயில்களாக நிற்கும் ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீஸ்வரரும் அந்தத் தொடக்க காலத்தவர்களே.

அடுத்து, லாடத்துக்குக் கிழக்கே இருக்கும் தீவுத்திடல். பொருட்காட்சிக்குப் போய் அப்பளம் தின்ற எல்லாருக்கும் அந்த இடம் தெரியும். அதற்கு ஏன் தீவு என்று பெயர்? 1696-இல், இன்றைய சென்ட்ரல் பக்கம், கூவத்தையும் எலம்பூர் ஆற்றையும் இணைத்து ஒரு வெட்டு வெட்டினார்கள். இரண்டு ஆறும் கீழே முகத்துவாரத்தருகே முன்பே சேர்ந்திருந்தன. மேலேயும் இணைத்ததும் நடுவில் இருந்த நிலம் தீவாகிவிட்டது. பெயர் இயற்கையாகத் தோன்றலாம், வேலை மண்வெட்டியுடையது.

அந்தத் தீவின் கிழக்கு ஓரத்தை 1755 படத்திலும் 1822 படத்திலும் வைத்துப் பாருங்கள். பழைய நிலையில் எலம்பூர் ஆறு கோட்டையின் மேற்குச் சுவரை உரசிக்கொண்டு ஓடியது. பிறகு கோட்டையைப் பெரிதாக்க ஆற்றை மேற்கே தள்ளி, பழைய படுகையை மண்ணால் தூர்த்து, அதன்மேல் சுவரை நீட்டினார்கள். மண்ணுக்கு எங்கே போவது? அரசுப் பொது மருத்துவமனைப் பக்கம் நரிமேடு என்று ஒரு குன்று இருந்தது. அதைக் கரைத்தார்கள். பழைய படத்தில் மேடு இருக்கும், புதிய படத்தில் மேடும் இருக்காது, ஆற்றின் பழைய படுகையும் இருக்காது, கோட்டை மட்டும் பெருத்திருக்கும். மூன்று மாற்றத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்று புதிர், சேர்த்துப் பார்த்தால் ஒரே வேலை. மேப் படிப்பதில் எனக்குப் பிடித்ததே இந்த இடம்தான். ஓரிடத்தில் காணாமல் போன மண்ணை இன்னோரிடத்தில் தேடிப் பாருங்கள், பல தடவை கிடைத்துவிடும்.

காலி இடத்தையும் இதே மாதிரி விசாரியுங்கள். கோட்டைக்கு வடக்கே பழைய படங்களில் நெருக்கமான வீடுகள், அதுதான் பழைய கருப்பர் நகரம். பிந்தைய படங்களில் அதே இடம் வெறும் மைதானம். எதிரி வீடுகளில் மறைந்துகொண்டு கோட்டையைச் சுடக்கூடாது என்று, பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சமும் ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்தார்கள். மறுபடி யாரும் கட்டிவிடாதபடி 1773-இல் எல்லைக் கற்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே இன்னும் இருக்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் பிற்பாடு உயர்நீதிமன்றம் வந்தது. காலி இடம் என்றால் ஒன்றும் நடக்காத இடம் என்று எண்ணக் கூடாது. பல தடவை அங்கேதான் அதிகமாக நடந்திருக்கும்.

பக்கிங்ஹாம் கால்வாய் கதையும் இப்படித்தான். வடக்குப் பகுதியை பேசில் காக்ரேன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டினார். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு வெட்டப்பட்டது 1876–78 பஞ்சத்தில், நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்பார்களே, அந்தப் பஞ்சத்தில். படத்தில் மெல்லிய நீலக் கோடாகத் தெரிவது, கஞ்சிக்காக மண் சுமந்தவர்களின் வேலை. நூறு வருடம் கழித்து அதே ஆற்றோரமும் கால்வாயோரமும்தான் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட இடம் கொடுத்தன. கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ரயில் ஓடியது 1995-இல். நகரத்துக்குள் வீடு இடிக்காமல் நிலம் வேண்டுமா, ஆற்றில் இறங்கு என்பது நம் எல்லாத் திட்டக்காரர்களுக்கும் பழகிவிட்டது. 2009-இல் தொடங்கி 2012-இல் நின்றுபோன துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைத் தூண்களை, கூகுள் எர்த்தின் பழைய படங்களில் ஆண்டு ஆண்டாக நகர்த்திப் பாருங்கள். ஆற்றுக்குள் மொட்டைத் தூண்கள் வரிசையாக நிற்கும்.

ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது

கண்ணால் ஒப்பிட்டது போதாது, பொருத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிற கட்டம் வரும். சுலபமான வழி கூகுள் எர்த் ப்ரோ. கணினியில் இலவசம். ‘ஆட்’ மெனுவில் ‘இமேஜ் ஓவர்லே’ போய், பழைய படத்தை ஏற்றி, ஓரங்களை இழுத்துப் பொருத்தி, ஒளிபுகும் தன்மையைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். முதல் வாரத்துக்கு இது போதும்.

துல்லியம் வேண்டுமென்றால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். அதுவும் இலவசம். லேயர் மெனுவில் ‘ஜியோரெஃபரன்சர்’ இருக்கும், பழைய பதிப்புகளில் அது ராஸ்டர் மெனுவில் கிடக்கும். பழைய படத்தில் ஒரு புள்ளி, இன்றைய படத்தில் அதே புள்ளி என்று ஜோடி சேர்த்துக்கொண்டே போக வேண்டும். எந்த ஆயத்தொலைவு முறை என்று அது கேட்கும்போது, சென்னைக்கு யூடிஎம் 44 வடக்கு வலயத்தைத் தேர்ந்தெடுங்கள், எண் 32644.

எந்தப் புள்ளியை எடுப்பது என்பதில்தான் வேலையே கெடும். நான் முதன்முதலில் கூவத்தின் வளைவுகளை எடுத்தேன், பளிச்சென்று தெரிகிறதே என்று. பொருத்தி முடித்தபோது பேட்டையின் கோயில் போய் ஆற்றுக்குள் நின்றது! கரை நகரக்கூடியது, அளந்தவரும் கரையைக் குத்துமதிப்பாகவே போட்டிருப்பார். ஆறு மாறியதா என்று கண்டுபிடிக்கப் போகிற நாம் ஆற்றையே அளவுகோலாக வைத்தால் விடை எப்படி வரும்?

இடம் பெயராத பழைய கட்டடங்களை எடுங்கள். கோட்டைக்குள் இருக்கும் 1680-ஆம் ஆண்டு புனித மேரி தேவாலயம், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்தின் மூலைகள், 1772-ஆம் ஆண்டு ஆர்மீனியத் தேவாலயம், 1821-ஆம் ஆண்டு ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயம். பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கவர்னர் யேல் தன் மகனுக்குக் கட்டிய கூர்ங்கோபுரச் சமாதியும் அருமையான புள்ளி. சுற்றியிருந்த கல்லறைத் தோட்டமே போய்விட்டது, அது மட்டும் தப்பித்துக்கொண்டது. படத்தின் ஆண்டுக்குப் பிறகு கட்டியதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். மூன்று புள்ளியில் வேலை நடக்கும், ஆனால் எட்டு பத்தாவது வேண்டும், அதுவும் படம் முழுக்கப் பரவலாக.

ஓர் எச்சரிக்கை. ‘தின் பிளேட் ஸ்ப்ளைன்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் எல்லாப் புள்ளியும் கச்சிதமாகப் பொருந்தி, பிழை பூஜ்யம் என்று காட்டும். மகிழ்ந்துவிடாதீர்கள். அது படத்தை ரப்பர் மாதிரி இழுத்துப் பிழையை ஒளித்துவைக்கிறது, அவ்வளவுதான். முதல் தடவை ‘பாலினாமியல் 1’ போதும். எங்கே எவ்வளவு விலகுகிறது என்று அது காட்டிக்கொடுக்கும். உங்கள் பொருத்தத்தில் 30 மீட்டர் பிழை இருந்தால், ஆறு 20 மீட்டர் நகர்ந்தது என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

தேதி இல்லாத படத்துக்கு வயது

பழைய புத்தகக் கடையில் கிழிந்த தாள் ஒன்று கிடைக்கிறது, ஆண்டு போடவில்லை. என்ன செய்வது? எது இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். ராயபுரம் ரயில் நிலையம் 1856. கூவம் முகத்துவாரத்தில் நேப்பியர் பாலம் 1869. சென்ட்ரல் 1873. துறைமுகத்துக்கு அடிக்கல் 1875. உயர்நீதிமன்றம் 1892. மூர் மார்க்கெட் 1900. எழும்பூர் நிலையம் 1908. ரிப்பன் கட்டடம் 1913. நேப்பியர் பாலம் இருக்கிறது, சென்ட்ரல் இல்லை என்றால் இரண்டுக்கும் நடுவில். சிந்தாதிரிப்பேட்டைக்குத் தெற்கே இருப்பது நேப்பியர் பூங்காவா, மே தினப் பூங்காவா? மவுண்ட் ரோடா, அண்ணா சாலையா? ஜார்ஜ் டவுனா, பிளாக் டவுனா? எல்லாமே சாட்சிதான்.

கடற்கரைக் கோடும் உதவும். துறைமுகம் வருமுன் கோட்டைக்கு மிக அருகிலேயே அலை. துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு தெற்கிலிருந்து வரும் மணல் தடுக்கப்பட்டுக் குவிய, மெரினா அகன்றுகொண்டே போனது.

இதிலும் ஏமாற்று உண்டு. அடித்தளம் பழையதாகவும் மேலே போட்ட ஒன்றிரண்டு கட்டடம் புதிதாகவும் இருக்கும் மறுபதிப்புகள் ஏராளம். கட்டப்போவதாகச் சொன்ன சாலையைக் கட்டி முடித்ததுபோல் வரைந்துவிடுவதும் உண்டு. ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

இடையில் யாராவது உங்களிடம் ‘இந்தப் படத்தை வைத்து எங்கள் நிலத்தை நிரூபிக்கலாமா?’ என்று கேட்பார்கள், நிச்சயம் கேட்பார்கள். பட்டா, சர்வே எண், நகர நில அளவைப் பதிவேடு எல்லாம் தனி உலகம். வக்கீலைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் கால்நடையாக

பொருத்திய படத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு, விடிகாலையில் போங்கள். வெயிலும் நாற்றமும் ஏறுவதற்கு முன். தரை எங்கே இறங்குகிறது என்று காலால் கவனியுங்கள். பழைய படுகை இருந்த இடம் பெரும்பாலும் இன்றும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், மழை நாளில் தண்ணீர் முதலில் நிற்பதும் அங்கேதான். டீக்கடைக்காரரிடம் ‘மழைக்கு எங்கே முதலில் தண்ணி ஏறும்?’ என்று கேளுங்கள். எந்த மேப்பும் தராத ஒரு கோட்டினை அவர் விரலால் காட்டுவார்.

ஒரு விஷயம் மட்டும். ஆற்றோரத்தில் காகித மேப்பை விரித்துக்கொண்டு நிற்காதீர்கள். நான் நின்றேன். இரண்டு நிமிடத்தில் நாலு பெண்கள் சூழ்ந்துவிட்டார்கள்.

“இன்னா சார், அளக்க வந்துகிறீங்களா? மறுபடியும் இடிக்கப் போறாங்களா?”

கூவத்தின் கரையில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு மேப்பும் டேப்பும் ஒரே அர்த்தம்தான். தீவுத்திடல் ஓரம் சத்தியவாணி முத்து நகர் மக்களை 2019 கடைசியிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பியது அவர்களுக்கு மறக்கவில்லை. சர்வேயில் ‘ஆற்றுப் புறம்போக்கு’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிற இடத்தில் மூன்று தலைமுறை இருந்திருக்கும். அதனால் முதலில் பேச்சு, பிறகு படம். நான் அளக்க வரவில்லை, பழைய ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க வந்தேன் என்று சொல்லி நம்ப வைக்கவே அரை மணி ஆனது.

அதற்குப் பிறகு ஒரு பெரியவர் போனை வாங்கி, கண்ணுக்கு அருகே வைத்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

“இது எந்த வருசத்து மேப்பு தம்பி?”

“1822 ஐயா.”

“இதுல ஆறு நல்லா அகலமா இருக்குது. சரி, எங்க ஊடு எந்த மேப்புல வருது?”

என்னிடம் இருந்த ஒன்பது படத்தில் எதிலும் வரவில்லை. சாட்டிலைட் படத்தில்கூட மரம்தான் தெரிந்தது. வீடு இருந்த இடத்தை அவர் கைநீட்டிக் காட்டினார், நான் என் டிரேசிங் பேப்பரில் பென்சிலால் ஒரு சதுரம் போட்டு, பக்கத்தில் அன்றைய தேதியை எழுதினேன். அப்புறம் அவரே பக்கத்து வீடு, தண்ணிக் குழாய், அம்மன் கோயில், படகு கட்டின கல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தாளில் இடம் போதவில்லை.